காளை விளையாட்டில் ஊக்கமருந்துச் சந்தேகம்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் அய்யம்பட்டி, பல்லவராயன்பட்டி முதலிய ஊர்களில் நடைபெறும் ஜல்லிக்கட்டிலும், கோயில் திருவிழாக்களையொட்டி நடத்தப்பெறும் இரட்டை மாட்டுவண்டிப் பந்தயங்களிலும் இறங்கும் காளைகளுக்கு, இயல்புக்கு மிஞ்சிய வேகமோ மூர்க்கமோ உண்டாகும்பொருட்டு மதுவோ மருந்தோ வேறு பொருளோ புகட்டப்படுகிறதென்று தோற்றவர் வாயிலும் பார்வையாளர் பேச்சிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் ஐயப்பாடே இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது.

மருந்தூட்டி வெல்லும் தந்திரத்தைக் கண்டுபிடிக்கும் சாஸ்திரம் மனிதனைவிடக் குதிரைக்கே முதலில் பயன்பட்டது. 1910ஆம் ஆண்டையொட்டி வியன்னாவில் பந்தயக் குதிரைகளின் உமிழ்நீரைச் சோதித்தனர். ஒலிம்பிக் வீரர்களுக்குச் சோதனை வந்ததோ 1968இல்தான். அமெரிக்க பேஸ்பால் ஆட்டத்தில் ஊக்கமருந்துப் பழக்கம்பற்றி 2007 டிசம்பரில் முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செல் வெளியிட்ட அறிக்கை எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களைப் பெயர் சுட்டியபோதும், அதன் பெரும்பகுதி ஆய்வுக்கூடச் சான்றின்மீது நில்லாமல் மருந்து விற்றவரும் ஊசி போட்டவரும் கொடுத்த சாட்சியத்தின்மீதே நின்றது. நம் காளைகளைப் பற்றிய பேச்சுக்கோ அத்தகைய சாட்சியமும் கிடைப்பதரிது.

வருஷநாடு, மேகமலைப் பக்கத்துக் காடுகளில் மேய்ந்து வளரும் மலைமாடும், புலிக்குளம் இனமும் இவ்விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்றவை. பந்தயம் நெருங்கும் மாதங்களில் இவற்றுக்கு அளிக்கப்படும் போஷாக்கு, வீட்டுப் பிள்ளைக்கும் கிட்டாதது எனலாம்: ஆட்டிய பருத்திக்கொட்டை, தவிடு, உளுந்து, பேரீச்சம்பழம், நாட்டுக்கோழி முட்டை ஆகியவற்றோடு, கண்மாயில் நீச்சலும், மண்மேட்டைக் கொம்பால் குத்தும் பயிற்சியும், விடியற்காலை நடையும் உண்டு. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு, தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று பிரிவு பிரிவாய் ஓடும் வண்டிப் பந்தயத்தில் பெயர் தெரியாத ஜோடியொன்று திடீரென்று எல்லைக்கொடியை முதலில் தொட்டுவிட்டால், இந்த ஆகாரத்தையும் பயிற்சியையும் மறந்து, ஊசியையே காரணமாகச் சொல்லும் மனப்பான்மை பந்தயக்காரரிடையே அதிகம். இதில் பாதி பொறாமையென்று கொள்வது நியாயமே.

மீதிப் பாதியை அவ்வாறு தள்ளிவிட இயலாது. சந்தேகிக்கப்படும் பொருள்கள் மூவகைப்பட்டன. முதலாவதான மது, பொதுமக்கள் நம்புவதுபோல் வீரம் ஊட்டுவதன்று. நரம்பைத் தளர்த்தி நடையைத் தள்ளாடச் செய்வதாகையால், அதைப் புகட்டுபவன் தன் மாட்டுக்கே துரோகம் செய்தவனாகிறான். இரண்டாவதான மிளகாய்ப்பொடி முதலிய எரிச்சலூட்டிகள் பலத்தைக் கூட்டாமல், வலியால் வெறியேற்றுவன. மூன்றாவதாகத் தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு வகையும் உணர்ச்சியைக் கிளறும் மருந்துகளும் உள்ளன. மதுவை மூக்காலும் எரிச்சலைக் கண்ணாலும் அறியலாம். பல நாள் முன்பே செலுத்தப்பட்ட ஸ்டீராய்டு, களத்தில் நிற்பவர் எவருக்கும் புலப்படாது.

பிராணிகளுக்குத் தீங்கான மருந்தைத் தகாத வகையில் கொடுப்பது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவிலேயே குற்றமாக்கப்பட்டிருந்தது. 2006 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஆர். பானுமதி ஜல்லிக்கட்டைத் தடைசெய்த உத்தரவு, விசித்திரமாக, ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு வந்த மனுவிலேயே பிறந்தது. அது மேல்முறையீட்டில் நீங்கியபின் இயற்றப்பட்ட 2009ஆம் ஆண்டின் ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம், காளைகளுக்கு ஊக்கமருந்து எவ்வடிவிலும் கொடுக்கப்படவில்லை என்பதைத் தகுந்த அதிகாரிகள் சோதித்து உறுதிசெய்ய வேண்டுமென்று விதித்தது. ஊர்ப்பேச்சாக இருந்த ஐயம் சட்ட வாசகமானது இவ்வாறே. 2014 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தபோது, மதுரை மாவட்டக் களங்களைப் பார்வையிட்டோரின் அறிக்கைகளில் கண்ட, கண்ணிலும் மூக்கிலும் எரிச்சல் பொருள் தடவுதல் முதலான கொடுமைகள் தீர்ப்பில் இடம்பெற்றன. 2017 ஜனவரியில் அத்தடையை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்குப் பின் மாநிலச் சட்டத்திருத்தத்தால் விளையாட்டு மீண்டது; 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதனை நிலைநிறுத்தியது.

இன்று வாடிவாசலுக்கு அனுப்புமுன் கால்நடை மருத்துவர் காளையின் கீழுதட்டை இழுத்துப் பல்லைப் பார்த்து வயதைக் கணிக்கிறார். கொம்பின் நுனியைத் தடவிக் கூர்மை அறிகிறார். கண்ணின் சிவப்பையும் வாயின் வாடையையும் கவனிக்கிறார். மாடுபிடி வீரர்களும் வைத்தியச் சோதனைக்கு உட்பட்டு, குடித்திருப்பவர் விலக்கப்படுகின்றனர். முதலிரண்டு வகைகளைப் பிடிக்க இம்முறை போதும். மூன்றாவதற்குக் குதிரைப் பந்தய மைதானங்களில் நடப்பதுபோல, வென்ற பிராணியின் சிறுநீரையும் இரத்தத்தையும் உடனே எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் ஏற்பாடு வேண்டும். ஊர் விழாக் கமிட்டிகள் நன்கொடை திரட்டி நடத்தும் மாட்டுவண்டிப் பந்தயத்தில் அவ்வழக்கம் வேரூன்றவில்லை. ஆகையால் அங்கு சாரதி தார்க்குச்சி பிடித்தானா என்பதைக் கண்டு தீர்ப்புச் சொல்ல முடிகிறது, மாட்டின் உடம்புக்குள் என்ன இருந்தது என்பதற்குத் தீர்ப்புச் சொல்ல முடிவதில்லை.