கணக்குப்பிள்ளையின் பதிவேடும் கணினியின் அட்டவணையும்

திண்டுக்கல் கோட்டை 1790இல் திப்புவின் ஆட்களிடமிருந்து ஆங்கிலேயக் கும்பினியார் கைக்குப் போனது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கலெக்டர் ஹர்டிஸ் இந்தச் சீமையின் நிலங்களை அளந்து கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டார். நோக்கம் வரிதான். ஆனால் கிராமந்தோறும் தலைமுறை தலைமுறையாகத் திரண்ட நிலக்கணக்கு, தரவுத்தள மென்பொருளின் வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒன்று.

அந்தக் கணக்கின் கட்டமைப்பைப் பாருங்கள். ‘அ’ பதிவேடு சர்வே எண் வரிசையில் செல்லும்: உட்பிரிவு, பரப்பு, தீர்வை, பட்டா எண். சிட்டா பட்டா எண் வரிசையில் செல்லும்; ஒருவர் பெயரில் உள்ள புலங்கள் அனைத்தும் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும். அடங்கலில் பசலி ஆண்டுதோறும் பயிர் ஏறும்: நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை, ஒட்டன்சத்திரத்தில் முருங்கை. எண்ணைப் பிடித்துக்கொண்டால் ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். ஜமாபந்தி என்னும் ஆண்டுத் தணிக்கையில் இவை ஒன்றோடொன்று ஒத்துப்பார்க்கப்படும்.

இதே ஒழுங்கைக் கணிதமாக்கியவர் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட். தரவைத் தனித்தனி அட்டவணைகளாக வைத்து, பொதுவான மதிப்புகளால் இணைக்கலாம் என்று 1970இல் எழுதினார். ஐபிஎம் அதை ஆய்வுக்கூடத்திலேயே சோதித்துக்கொண்டிருந்தபோது, லாரி எலிசன், பாப் மைனர், எட் ஓட்ஸ் மூவரும் 1977இல் கலிஃபோர்னியாவில் ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார்கள். 1979இல் அவர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த மென்பொருள்தான் ஆரக்கிள். முதலில் விற்றதையே இரண்டாம் பதிப்பு என்றார்கள். துணிச்சல் அவர்களுடையது, அதற்கு அடியிலிருந்த சிந்தனை காடுடையது. நிறுவனங்களின் புகழ்பாடுவோர் இதை மறக்கலாகாது.

அதே 1979இல்தான் தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. மக்கள் வாயில் அது யூ.டி.ஆர். 1987 வரை நடந்த அந்தப் பணியில் ஏக்கரும் சென்டும் ஹெக்டேரும் ஏர்ஸுமாக மாறின. இடையில் 1980இல், கிராமப் பதிவேடுகளை எழுதிவந்த பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவி ஒழிந்தது. 1985இல் மதுரையிலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமானது. இத்தனை மாற்றங்களுக்கு நடுவே எழுதப்பட்ட யூ.டி.ஆர். பதிவுகளே, தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய ‘தமிழ் நிலம்’ மென்பொருளுக்கு அடித்தளம்.

இங்கேதான் என் கவலை. யூ.டி.ஆரில் ஒருவர் பட்டாவில் பக்கத்துப் புலக்காரர் பெயர் ஏறியிருந்தால், கணினியிலும் அந்தப் பெயரே ஏறியது. எண்களை இணைப்பதில் மென்பொருள் தவறுவதில்லை; ஆனால் உழுகிறவர் யார் என்று அதற்குத் தெரியாது. பட்டாவைத் திருத்த மனுக் கொடுப்பவருக்குத் துணை பழைய செட்டில்மென்ட் பதிவேடும் மூலப்பத்திரமும்தான். அந்தப் பதிவேடுகளின் தாள் உதிர்வதற்குள் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, இன்றைய சர்வே எண்ணோடு இணைத்து வைக்க வேண்டும். வேடசந்தூரிலோ நத்தத்திலோ இருக்கும் ஒரு விவசாயி தன் பாட்டனார் பெயரிலிருந்த பதிவையும் இன்றைய பட்டாவையும் ஒரே திரையில் ஒப்பிட அப்போது வழி பிறக்கும்.