கலப்பின வாத்துகளை இறகால் அறிதல்

இரு வேறு இன வாத்துகள் கூடிப் பிறப்பது கலப்பின வாத்து. பறவைகளில் இனக்கலப்பு மிகுதியாகக் காணப்படுவது வாத்துக் குடும்பத்தில்தான். மணிமுத்தாறு, அம்பாசமுத்திரம் வட்டாரக் குளங்களில் ஆண்டு முழுவதும் தங்கும் புள்ளிமூக்கு வாத்து கலப்புக்கு ஆளாக வழி உண்டென்றால், அது பெரும்பாலும் வளர்ப்பு வாத்துகளால்தான். பிசான அறுவடை முடிந்த வயல்களில் மேயவிடப்படும் வாத்துகள் மல்லார்டு என்னும் காட்டு வாத்தின் வழிவந்தவை. மல்லார்டோ புள்ளிமூக்கு வாத்துக்கு நெருங்கிய உறவு. வீடுகளில் வளர்க்கும் மணிலா வாத்து வேறு வகை. அதற்கும் சாதாரண வளர்ப்பு வாத்துக்கும் பிறக்கும் குஞ்சு மலடாகிவிடும்.

முதலில் அலகைப் பார்க்க வேண்டும். கலப்பில்லாத புள்ளிமூக்கு வாத்தின் அலகு கருப்பு, நுனி மட்டும் பளிச்சென்ற மஞ்சள். நெற்றியோரம் அலகடியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள், பெட்டைக்குச் சற்று மங்கலாக. நீரில் மிதக்கும்போதே முதுகோரம் வெள்ளை இறகுகள் தெரியும். பறக்கும்போது சிறகில் பச்சை மினுப்புப் பட்டை விரியும். கால்கள் சிவப்பு. மல்லார்டு இரத்தம் கலந்தால் அலகு மஞ்சளும் பச்சையுமாகக் குழம்பும், தலையில் பச்சை மினுமினுப்பு தோன்றும், சிறகுப் பட்டை ஊதா நோக்கிச் சாயும். ஆணின் வாலில் மேல்நோக்கிச் சுருண்ட கரிய இறகுகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். மார்பில் திட்டுத்திட்டாக வெள்ளை இருந்தால் வளர்ப்பு வாத்தின் சாயலாக இருக்கலாம்; நிறமிக் குறைபாடாகவும் இருக்கலாம்.

ஏமாற்றும் தோற்றங்கள் பல. இறகுதிர்க்கும் பருவத்தில் பல இனங்களின் ஆண்கள் பெட்டை போலாகிவிடும். நம் குளங்களுக்கு வலசை வரும் நீலச்சிறகி ஆணும் அப்படித்தான், வெண்புருவம் இல்லாமல் வந்திறங்கும். தேர்ந்த கண்களும் தவறியிருக்கின்றன: அமெரிக்க ஓவியர் ஆடுபான் 1822இல் தனி இனமென்று தீட்டிய வாத்து, பின்னாளில் மல்லார்டு கலப்பினம் எனத் தெரியவந்தது. அதிலும் கலப்பினம் மீண்டும் தாயினத்தோடே கூடிவிட்டால், சில தலைமுறைகளில் இறகில் எதுவும் மிஞ்சாது. அப்போது மரபணுச் சோதனை ஒன்றே வழி.

மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்திவருகிறது. அதில் பங்கேற்போர் ஐயமான வாத்தைக் கண்டால் அலகு, விரித்த சிறகு, வால் மூன்றையும் படமெடுத்து, ‘இனம் உறுதியில்லை’ என்று பதிவதே முறை.