பின்னாடி வீடு தெரியலியே!

போன மாசம் ஒரு 50 எம்எம் எஃப்/1.8 லென்ஸ் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட்தான். கேமராக் கிறுக்கு பிடித்த எல்லோரும் சீக்கிரமே வாங்கிவிடுகிற ஐட்டம். முகம் மட்டும் பளிச், பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெய் மாதிரி கரைஞ்சு... அதே அதே! வாங்கின கையோடு மண்டையைக் குடைஞ்ச கேள்வி ஒண்ணு: முகம் எடுக்கறதுக்குன்னே தனியா ஒரு லென்ஸ் ஏன் வந்துச்சு?

தோண்டினால் கதை வியன்னாவுக்குப் போகுது. 1839-ல் டாகுர் தன் புகைப்பட முறையைப் பாரீஸில் வெளியிட்டபோது, அந்தக் கேமராவில் இருந்த ஷெவாலியே லென்ஸின் அப்பர்ச்சர் சுமார் எஃப்/15. நல்ல வெயிலில்கூட நிமிஷக்கணக்கில் அசையாமல் உட்காரணும். கட்டடம் உட்காரும். மனுஷன்?

அடுத்த வருஷமே, 1840-ல், வியன்னா பல்கலைக்கழகக் கணக்கு வாத்தியார் ஜோசப் பெட்ஸ்வால் ஒரு எஃப்/3.6 லென்ஸை வடிவமைத்தார். தேய்த்துப் பார்த்துத் திருத்துகிற பழைய கைப்பழக்கத்தில் இல்லை. முழுக்க முழுக்கக் கணக்குப் போட்டு. உதவிக்கு ராணுவப் பீரங்கிப் படையிலிருந்து ஆள் அனுப்பினாங்களாம், கணக்கில் புலிகள். (கம்ப்யூட்டர் என்றாலே மனுஷன்தான் என்றிருந்த காலம். நம்ம பொட்டி தட்டுற தொழிலுக்கு முப்பாட்டன்கள் :-)) பழைய லென்ஸைவிடக் கிட்டத்தட்ட 16 மடங்கு வெளிச்சம். தகடுகளும் தேறத் தேற, நிமிஷம் நொடியாச்சு. போர்ட்ரெய்ட் ஸ்டூடியோத் தொழில் காலூன்றியது இந்த லென்ஸ் புண்ணியத்தில்தான்.

பெட்ஸ்வாலுக்கு என்ன கிடைச்சுது? லென்ஸைச் செய்து விற்ற வாய்க்லாண்டர் ஒரே தடவை ஒரு தொகை கொடுத்ததோடு சரி. அப்புறம் ஜென்மப் பகை. மனுஷர் 1891-ல் கசப்போடுதான் போய்ச் சேர்ந்தார்.

நம்ம பக்கம்? சென்னையில் டாக்டர் ஹன்ட்டர் 1850-ல் ஓவியப் பள்ளி தொடங்கினார். 1856-ல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி வந்தது. 1857-58-ல் லின்னேயஸ் டிரைப் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர்னு சுற்றி எடுத்த படங்களில் கோயில் கோயிலா வருது, ஆளைத் தேடணும். அவர் பயன்படுத்தின காகித நெகட்டிவுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். முகங்கள் பெருகினது பின்னாடி ஸ்டூடியோக்கள் வந்தபோது.

அந்த ஸ்டூடியோப் படங்களைத்தான் பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்காரர்கள் பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோடு தேடித்தேடி டிஜிட்டல் ஆக்கினாங்க. திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். அந்தக் காலத்துப் படங்களில் என்னை இழுக்கிறது முகங்கள்கூட இல்லை, பின்னால் தொங்கும் திரைதான். தூண், மாடிப்படி, தோட்டம், மாளிகை. பக்கத்தில் ஸ்டூல், பூச்சாடி, ஒரு புஸ்தகம். காசு கொடுத்து ஆள் வச்சு வரைஞ்ச பின்னணி. நாம காசு கொடுத்து அதை அழிக்கிறோம்!

இது சும்மா தத்துவம் இல்லை. லென்ஸை ட்ரை பண்ண திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டுக்குத்தான் போனேன். திந்திரிணி என்றால் புளி. புளியங்காடாக இருந்ததால்தான் ஊருக்கே இந்தப் பேர். கோயிலில் சாமி பேரும் திந்திரிணீஸ்வரர். அதனால் தெருவோரப் புளியமரம் ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் வருகிற மாதிரி பெரியம்மாவை நிறுத்தி, எஃப்/1.8-ல் நாலஞ்சு க்ளிக். முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் அள்ளுது. மரம் பச்சைப் புகை. வீடு மஞ்சள் புகை.

பெரியம்மா ஸ்கிரீனை உத்துப் பார்த்துட்டுக் கேட்டாங்க: "இன்னாடா இது, பின்னாடி வீடு தெரியலியே?"

"அதான் பெரியம்மா இந்த லென்ஸோட ஸ்பெஷலே..."

"உங்க பெரியப்பா லோன் போட்டுக் கட்டின வீடுடா. அது வராம நான் மட்டும் எதுக்கு?"

அவங்களும் பெரியப்பாவும் சேர்ந்து எடுத்துக்கிட்டது ஒரே ஒரு படம், கல்யாணத்தப்போ, ஸ்டூடியோவில். கூடத்தில் மாட்டியிருக்கு. பின்னாடி யாரோ வரைஞ்ச மாளிகை. பெரியப்பா இப்போ இல்லை.

அப்பர்ச்சரை எஃப்/8-க்கு மாற்றினேன். பெரியம்மா போய் வேற புடவை கட்டிக்கிட்டு வந்து, திண்ணையை ஒட்டி நின்னாங்க. கேட், வாசக்கால், மேலே கட்டின வருஷம் எழுதின சிமென்ட் எழுத்து, எல்லாமே தெரியுது.

கொசுறு: பெட்ஸ்வால் லென்ஸில் நடுவில் கூர்மை, ஓரத்தில் பின்னணி சுழலும். குறைதான் அது. 2013-ல் லோமோகிராபி கம்பெனி அந்த லென்ஸைப் புதுசாகச் செய்து, அந்தச் சுழலைச் சொல்லியே விற்றது!