ஊவா மலைநாட்டுத் திருச்சபைகளும் ஒன்றிப்பு முயற்சியும்

ஹல்துமுல்லைக்கு அண்மையில் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையொன்றின் சிதைவுகள் இன்றும் உள. ஆயினும், சீர்திருத்தக் கிறிஸ்தவம் இம்மலைகளில் வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பிச் செய்கை பரவிய காலத்திலேயாம். 1845 இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் றொஜர்ஸ் என்னும் அதிகாரியின் நினைவாகப் பதுளையில் எழுப்பப்பட்ட புனித மாற்கு ஆலயம் 1857 இல் அர்ப்பணிக்கப்பட்டது. அஃது ஆங்கிலேயர் வழிபாட்டிற்கு உரியதாய் இருந்தது. தோட்டங்களில் உழைத்த தமிழர்க்கோ வேறொரு வழியாற் சபை அமைந்தது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து கடல் கடந்து வந்தோருட் கிறிஸ்தவர் சிலரும் இருந்தனர். இவர்களை முன்னிட்டு, தோட்டத் துரைமார் சிலரின் பொருளுதவியோடும் சேர்ச் மிஷன் சங்கத்தின் மேற்பார்வையோடும் 1854 இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோன்றியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் லயம் லயமாகச் சென்று போதித்தனர். ‘கூலி’ என்ற சொல் பின்னாளில் அப்பெயரினின்றும் நீக்கப்பட்டது. 1880களில் வெஸ்லியன் மிஷனும் சாமுவேல் லாங்டன் என்பாரின் முயற்சியால் ஊவாவிற் பணி தொடங்கிற்று. இவ்வாறு ஒரே மலைத்தொடரில் அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகள் அருகருகே வளர்ந்தன.

இப்பிரிவுகளின் காரணங்கள் இங்கிலாந்தின் வரலாற்றிற் பிறந்தவை. அத்தியட்சர் ஆட்சி இன்றியமையாததா, யாருடைய கையால் குருத்துவம் பெறுதல் வேண்டும் என்பன போன்ற வினாக்கள் தேயிலை கொய்தவர் எழுப்பியவை அல்ல. மிஷனரிமார் கொணர்ந்த வேறுபாடுகளை அவர் வழிவழியாகச் சுமந்தனர்.

இந்நிலையை மாற்றும் எண்ணம் தமிழகத்திலேயே முதலில் வலுப்பெற்றது. திருநெல்வேலி வெள்ளாளன்விளையிற் பிறந்த வே. ச. அசரியா அத்தியட்சர் முதலியோர் 1919 இல் தரங்கம்பாடியிற் கூடி ஒற்றுமைக்கு அறைகூவல் விடுத்தனர். இருபத்தெட்டு ஆண்டு ஆராய்ச்சியின் பின், 1947 செப்டெம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. அங்கிலிக்கரும், மெதடிஸ்தரும், பிரெஸ்பிட்டேரியரும் கொங்கிரிகேஷனலிஸ்டுகளும் முன்னரே இணைந்து உருவாக்கியிருந்த தென்னிந்திய ஐக்கிய சபையினரும் அதில் ஒன்றாயினர். அமெரிக்க மிஷனின் வழிவந்த யாழ்ப்பாணச் சபையும் அதன் ஒரு மண்டலமாகி, சபாபதி குலேந்திரனை முதல் அத்தியட்சராகப் பெற்றது.

இலங்கையின் ஏனைய பகுதிகளுக்கும் 1940களிலிருந்து ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. அதில் அங்கிலிக்கர், மெதடிஸ்தர், பப்திஸ்தர், பிரெஸ்பிட்டேரியர், யாழ்ப்பாண மண்டலத்தார் ஆகிய ஐந்து சபையினரும் பங்குகொண்டனர். தென்னிந்தியாவில் பழைய குருமார் அந்நிலையிலேயே ஏற்கப்பட்டனர். அத்தியட்சரால் அபிடேகம் பெறும் முறை இனி வருவோர்க்கே விதிக்கப்பட்டது. இலங்கைத் திட்டமோ, தொடக்க நாளிலேயே ஒருவர்மீதொருவர் கைவைத்து எல்லாக் குருமாரையும் ஒரே பணியில் இணைக்கக் கருதிற்று. குழந்தைத் திருமுழுக்கு, வளர்ந்தோர் திருமுழுக்கு இரண்டிற்கும் அதில் இடமிருந்தது. 1958 இல் லம்பெத் மகாநாடும் இத்திட்டத்தை ஆதரித்தது. 1963 இல் பிலிமத்தலாவையில் நிறுவப்பட்ட இலங்கை இறையியற் கல்லூரி, பல சபையினரின் குருத்துவ மாணவரை ஒரே கூரையின் கீழ்க் கொணர்ந்தது.

எனினும், 1972 இல் நிகழவிருந்த ஒன்றிப்பு, அங்கிலிக்கருட் சிறுபான்மையினர் தொடுத்த வழக்கினால் தடைப்பட்டது. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 1970 இல் கைகூடியது இலங்கையிற் கைகூடவில்லை.

இதன் விளைவு தோட்ட மக்களிடத்தே தெளிவாகக் காணப்படும். 1964 ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியா செல்வரென வகுக்கப்பட்டது. ஊவாவில் அங்கிலிக்கராயிருந்தவரும் மெதடிஸ்தராயிருந்தவரும் தமிழகஞ் சென்றபோது, அங்கே இரு மரபினரும் ஏற்கெனவே ஒரே திருச்சபையாய் இருக்கக் கண்டனர். மலையிலே தங்கிவிட்ட அவர்தம் உறவினர்க்கு அவ்விரு சபைகளும் இன்றும் வெவ்வேறாகவே உள. நாடு கடந்து பிரிந்த குடும்பங்களை வழிபாட்டிலேனும் ஒருநிலைப்படுத்தவல்லதாயிருந்த வாய்ப்பு 1972 இல் தவறிப்போயிற்று. சபை ஒற்றுமை குருமாரின் வாதத்திற்கு மட்டும் உரிய பொருளன்று என்பதற்கு ஊவாவின் லயங்களே சான்றாகும்.