கொடையும் கூலியும்: கட்டற்ற மென்பொருளின் கதை

நம் காலனியில் கணினித் துறையிற் பணியாற்றும் பிள்ளைகள் பலர் உளர். அவர்களுட் சிலர் அலுவலகம் விட்டு வீடு திரும்பிய பின்னரும் இரவு நெடுநேரம் விழித்திருந்து மென்பொருள் எழுதி, அதனை விலை கேளாது உலகத்தாருக்கு அளித்துவிடுகின்றனர். “இப்படிச் சும்மா கொடுத்தால் அரிசி பருப்புக்கு என்ன செய்வாய்?” என்று பெற்றோர் வினவுவதில் நியாயம் உண்டு. இவ்வினாவுக்கு விடை காண, ஏறத்தாழ அறுபதாண்டு வரலாற்றை நாம் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நலம்.

கணினி இன்ன பணியை இன்ன முறையிற் செய்க என்று மனிதன் எழுதிவைக்கும் கட்டளைத் தொகுதியே மென்பொருள். அது மனிதர் படித்தறியும் வடிவில் இருக்குங்கால் மூலநிரல் எனப்படும். மூலநிரலைத் தம்மிடமே மறைத்து வைத்துக்கொண்டு, கணினிக்கு மட்டும் விளங்கும் வடிவை விற்பது வணிகர் பலரின் வழக்கம். அதனை வாங்கியவர் பிழையைக் கண்டாலும் தாமே திருத்த இயலாது.

ஆதியில் இவ்வழக்கம் வேரூன்றி இருக்கவில்லை. அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவனம் தன் பெரும் இயந்திரங்களோடு மென்பொருளையும் தனி விலையின்றிச் சேர்த்தே அளித்து வந்தது. 1969ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேதான் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. 1976இல், அப்போது இருபது வயது இளைஞராயிருந்த பில் கேட்ஸ், பொழுதுபோக்காகக் கணினி பயில்வோர்க்கு ஒரு வெளிப்படைக் கடிதம் விடுத்தார். தம் நிரலை விலை கொடாமற் படியெடுப்பது திருட்டே என்பதும், ஊதியமின்றி நல்ல நிரலை எவர் எழுதுவர் என்பதும் அக்கடிதத்தின் சாரம். நம் வீட்டுப் பெற்றோரின் கேள்வியும் அதுவே அன்றோ!

இதற்கு வேறொரு விடை கண்டவர் ரிச்சர்டு ஸ்டால்மன். இவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்திற் பணியாற்றியவர். அங்கிருந்த அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கிக்கொண்டது. அதன் மூலநிரல் கிடைத்திருந்தால் சிக்கலை உடனே அறிவிக்கும் ஏற்பாட்டைத் தாமே செய்திருப்பார். ஆனால் அதனை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளர், பிறர்க்குத் தருவதில்லை என்று வாக்களித்துவிட்டமையால் மறுத்துவிட்டார். இந்நிகழ்ச்சி ஸ்டால்மனின் உள்ளத்தைத் தைத்தது. 1983 செப்டம்பரில் ‘குனு’ என்னும் திட்டத்தை அறிவித்து, 1984 ஜனவரியில் வேலையைத் துறந்து அதில் இறங்கினார்.

வேலையை விட்டவர் எவ்வாறு பிழைத்தார்? தாம் எழுதிய ‘ஈமாக்ஸ்’ என்னும் நிரலைக் காந்த நாடாவிற் பதிந்து, 1985இல் ஒரு நாடா 150 டாலர் என விற்றார். நாடாவைப் பெற்றவர் அதனைப் படியெடுத்துப் பிறர்க்குக் கொடுக்கத் தடையில்லை. விலை, பதிந்து அனுப்பும் பணிக்கே. கொடையும் கூலியும் ஒரே கையில் இருக்கலாம் என்பதை இவ்வாறு அவர் வாழ்ந்து காட்டினார்.

1989இல் அவர் வெளியிட்ட குனு பொது உரிமம் வரலாற்றுச் சிறப்புடையது. நிரலை இயக்கவும், படித்தறியவும், திருத்தவும், பிறர்க்கு அளிக்கவும் அது உரிமை வழங்குகிறது. ஆனால், திருத்தியதைப் பிறர்க்கு அளிப்பவர் அதே உரிமைகளையும் மூலநிரலையும் சேர்த்தே அளித்தல் வேண்டும். பூட்டுவதற்கு உதவிய பதிப்புரிமைச் சட்டமே இங்கே பூட்டாமற் காக்கப் பயன்பட்டது. பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தார் வகுத்த உரிமம் போன்றவை இந்நிபந்தனையை விதிப்பதில்லை. எனினும் இவற்றுள் எதுவும் விற்பனையைத் தடுக்கவில்லை என்பதைக் கருத்திற் கொள்க. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் வழங்குவதால் அங்கே மயக்கம் நேர்ந்தது. தமிழில் ‘இலவசம்’ வேறு, ‘கட்டற்றது’ வேறு. நமக்கு அம்மயக்கம் வேண்டுவதில்லை.

இதனைப் பின்பற்றிப் பொருளீட்டும் வழிகள் பல தோன்றின. 1989இல் மூவர் கூடித் தொடங்கிய சிக்னஸ் நிறுவனம், கட்டற்ற நிரல்களைச் செப்பனிட்டுத் தருவதையே தொழிலாகக் கொண்டது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ், முதலில் பணம் பெற்று வழங்கலாகாது என்னும் விதியோடு வந்தது. 1992இல் அவர் அதனைக் குனு பொது உரிமத்துக்கு மாற்றியதும் வணிகத்துக்கு வழி பிறந்தது. ரெட் ஹேட் நிறுவனம் லினக்ஸைப் பேணிப் பாதுகாத்துத் தருவதற்கு ஆண்டுச் சந்தா பெற்று வளர்ந்தது. 2019இல் ஐபிஎம் அதனை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. மைஎஸ்கியூஎல் நிறுவனத்தார், பொது உரிமத்தை ஏற்போர்க்கு விலையின்றியும், தம் நிரலை மறைக்க விரும்புவோர்க்கு வேறோர் உரிமத்தை விலைக்கும் அளித்தனர். இன்று லினக்ஸ் கருவில் நிகழும் மாற்றங்களுட் பெரும்பாலானவற்றைச் செய்வோர் நிறுவனங்களிற் சம்பளம் பெறும் பொறியாளர்களே.

ஆயினும் கதை முற்றிலும் இனியதன்று. இணையத்தில் இரகசியம் காக்கும் ‘ஓப்பன் எஸ்எஸ்எல்’ என்னும் நிரலில் 2014இல் ஒரு பெரும் பிழை வெளிப்பட்டது. உலகத்து வணிகமெல்லாம் நம்பியிருந்த அந்நிரலுக்கு முழுநேர ஊழியர் ஒருவரே இருந்தார். ஆண்டு நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர்தான். ஊருணியில் எல்லாரும் நீர் முகந்தனர், தூர் வாரும் நாளில் வந்தவர் சிலரே. அதன் பின்னரே பெரு நிறுவனங்கள் கூடி நிதி திரட்டின. தம் நிரலைப் பெரு நிறுவனங்கள் வாடகைச் சேவையாக்கிப் பொருளீட்டுகின்றன என்று மனம் வருந்தி, மாங்கோடிபி 2018இலும், எலாஸ்டிக் 2021இலும் உரிமத்தை இறுக்கின. எலாஸ்டிக் 2024இல் மீண்டும் கட்டற்ற உரிமம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூறும் விடை இதுவே. உங்கள் பிள்ளை கொடுப்பது வீணன்று, அதனாற் பிழைப்பு நடத்தலும் கூடும். ஆனால் கூலி தானே வந்து சேராது. செப்பனிடுதல், பயிற்றுதல், சந்தா, இருவகை உரிமம், சம்பளம் என ஒரு வழியை அவரே வகுத்துக்கொள்ளல் வேண்டும். உரிமத்தை ஒருமுறைக்கு இருமுறை படித்தறிந்த பின்னரே தம் நிரலை வெளியிடல் வேண்டும்.

பயன் பெறுவோராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் கைகளிலுள்ள ஆண்டிராய்டு தொலைபேசிகளெல்லாம் லினக்ஸ் கருவைக் கொண்டே இயங்குகின்றன. நம் சங்கத்தில் விழா நாளன்று பாய் விரிப்பவரையும் கணக்கு எழுதுபவரையும் நாம் அறிவோம். அவர்கள் ஓராண்டு சோர்ந்தால் விழா இல்லை என்பதும் நமக்குத் தெரியும். முகமறியாத் தொலைவிலிருந்து நமக்காக நிரல் பேணுவோரும் அத்தகையோரே. அவர்களுக்கு இயன்ற பொருளுதவி செய்தலும், நம் வீட்டிலேயே அத்தகையோர் இருப்பின் அவரை ஊக்குதலும் நம் கடமையாகும்.