டெட்ராய்ட் புவியியல் ஆய்வுப்பயணம்: நிலப்படமும் ஆசிரியர் பெயரும்

தீவிரப் புவியியலின் வரலாற்றை எழுதுவோர் வில்லியம் பங்கியை அதன் முன்னோடிகளுள் ஒருவராகக் குறிப்பிடுவர். 1962இல் வெளிவந்த ‘கோட்பாட்டுப் புவியியல்’ என்னும் நூலால் கணிதவழிப் புவியியலாளராக அறியப்பட்ட அவர், டெட்ராய்ட் நகரின் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த காலத்தில் சமூகநீதி ஆய்வின் பக்கம் திரும்பினார் என்பது வழக்கமான விவரிப்பு. அத்திருப்பத்தைத் தனியொருவரின் மனமாற்றமாக மட்டும் காண்பது போதாது என இக்கட்டுரை கருதுகிறது.

1967 சூலையில் டெட்ராய்டில் மூண்ட எழுச்சியில் 43 பேர் உயிரிழந்தனர். மறு ஆண்டில் பங்கியும், 18 வயதே நிரம்பிய கறுப்பினச் சமூகச் செயற்பாட்டாளரான குவெண்டலின் வாரனும் இணைந்து ‘டெட்ராய்ட் புவியியல் ஆய்வுப்பயணம்’ என்னும் முயற்சியைத் தொடங்கினர். ‘ஆய்வுப்பயணம்’ என்பது தொலைநிலங்களைப் பேரரசுகளுக்கு உடைமையாக்கிய பழைய புவியியலின் சொல். பங்கி அதனை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார். ஆயினும் இப்பயணம் சென்றது சொந்த நகரின் தெருக்களுக்கே. வழிகாட்டியவர்களும் அத்தெருக்களில் வாழ்ந்தவர்களே. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்மீது தமக்கிருந்த ஐயத்தை வாரன் மறைக்கவில்லை. தம் மக்கள் ஆய்வுப்பொருளாவதற்கு ஈடாக அவர்களுக்குக் கல்வி கிடைக்கவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அதன்படி மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வழியாக, பட்டப்படிப்பில் கணக்கிடத்தக்க பாடங்கள் டெட்ராய்ட் மக்களுக்குக் கட்டணமின்றி நடத்தப்பட்டன. ஆசிரியர்கள் ஊதியம் பெறாது கற்பித்தனர்.

இங்குக் கற்பித்தலையும் ஆய்வையும் பிரித்தறிய இயலாது. மாணவர்கள் வரைந்த நிலப்படங்களுள் பெரிதும் பேசப்படுவது, புறநகர்ப் பயணிகளின் கார்கள் கறுப்பினக் குழந்தைகளை மோதிய இடங்களைக் காட்டுவது. குரோஸ் பாயின்ட் பகுதியின் வசதிமிக்க வெள்ளையர் நகர மையத்துக்கு விரையும் சாலைகள் கறுப்பினக் குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றன. விபத்துகள் என ஒவ்வொன்றாகப் பதிவானவை நிலப்படத்தில் ஒரே தடத்தில் வரிசையாக அமைந்தபோது, அவற்றைத் தற்செயல் எனக் கூறுவது கடினமாயிற்று. இதற்கான தகவல்களைக் காவல்துறையிடமிருந்து பெறுவதே பெரும்பாடாக இருந்தது. தரவு எவர் கையில் இருக்கிறது என்பதும் புவியியல் வினாவே என்பதை அம்மாணவர்கள் வகுப்பறைக்கு வெளியே கற்றனர். 1970இல் வெளிவந்த களக்குறிப்பு பள்ளி நிர்வாகப் பரவலாக்கத்தை ஆராய்ந்தது: எல்லைக்கோட்டை எங்கு வரைந்தால் கறுப்பினக் குழந்தைகள் எவர் அதிகாரத்தின்கீழ் வருவர் என்பதே அதன் மையம். பங்கியின் கணிதப் பயிற்சி இங்குக் கைவிடப்படவில்லை. வேறு தரப்பினருக்குப் பயன்பட்டது.

பல்கலைக்கழக ஆதரவு நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1970களின் தொடக்கத்திலேயே வகுப்புகள் நின்றன. பங்கி கனடாவுக்குச் சென்றார். டொராண்டோவில் வாடகைக் கார் ஓட்டினார்.

ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புள்ள குடியிருப்பைப் பற்றிய ‘ஃபிட்ஸ்ஜெரால்ட்: ஒரு புரட்சியின் புவியியல்’ 1971இல் பங்கியின் பெயரில் வெளியாயிற்று. அது சிறந்த நூல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டின் மூன்றாம் களக்குறிப்பு, டெட்ராய்ட் குழந்தைகளின் புவியியலைப் பற்றியது, அதில் வாரன் தம் பெயரிலேயே எழுதியுள்ளார். அக்களக்குறிப்பின் விபத்து நிலப்படமோ நெடுங்காலம் பங்கியின் படைப்பாகவே எடுத்தாளப்பட்டு வந்தது.