ஏடும் தகடும்

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில், பழைய கட்டடமொன்றில், திருவிதாங்கூர் அரசின் ஆவணங்கள் ஓலைக் கட்டுகளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஓலைகளின் தொகை ஒரு கோடிக்கு மேல் என்பர். கட்டுக்குச் 'சுருணை' என்று பெயர். வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை ஆகியவற்றோடு நம் தமிழ் எழுத்திலும் அமைந்தவை அவை. 2022-ஆம் ஆண்டில் அங்கே ஓலைச்சுவடிக் காட்சிசாலையொன்றும் திறக்கப்பட்டது. பிழைப்பின் பொருட்டு இந்நகரில் குடியேறிய தமிழன்பர்கள் ஒருமுறையேனும் சென்று காணத் தக்க இடம்.

எழுத்தாணியால் கீறிய ஓலையில் கரியும் எண்ணெயும் தடவினால் எழுத்துத் தெளிவாகும். பூச்சி அணுகாமல் இருக்கப் புல்தைலம் பூசுவர். எனினும் மலைநாட்டு ஈரத்துக்கும் செல்லுக்கும் ஈடுகொடுத்து ஓர் ஏடு சில நூற்றாண்டுகள் நிற்பதே அரிது. ஆகவே நம் முன்னோர் ஏட்டை மட்டும் நம்பியிருக்கவில்லை. அது நைந்து போகுமுன் வேறோர் ஏட்டில் பெயர்த்தெழுதினர். நமக்குக் கிடைத்துள்ள பழைய நூல்களிற் பெரும்பாலன பிரதிக்குப் பிரதியே யன்றி, ஆசிரியர் கைப்பட்ட மூல ஓலை அல்ல.

இவ்வுண்மைக்குத் திருவனந்தபுரத்திலேயே சிறந்த சான்று உண்டு. திருநெல்வேலிச் சீமையிலுள்ள தருவையில் 1860-இல் பிறந்தவர் மகாமகோபாத்தியாயர் த. கணபதி சாஸ்திரியார். இவ்வூருக்கு வந்து, வடமொழி ஏடுகளைத் தேடி அச்சிடும் அரசாங்கப் பணியை மேற்கொண்டார். 1909-இல், பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் அவருக்கு ஒரு சுவடி கிடைத்தது. 105 ஓலைகள், மலையாள எழுத்து, முந்நூறு ஆண்டுப் பழமை இருக்குமென்று அவர் மதித்தார். அதில் பத்து நாடகங்கள் முழுமையாகவும், பதினொன்றாவது தொடக்க அளவிலும் இருந்தன. பின்னர் வேறிடத்தில் கிடைத்த இரண்டையும் சேர்த்துப் பதின்மூன்று நாடகங்களும் மகாகவி பாஸருடையவை என்று கொண்டு, 1912 முதல் திருவனந்தபுரம் வடமொழி நூல் வரிசையில் பதிப்பித்தார். ஆசிரியர் யார் என்பதில் அறிஞர்களிடையே வழக்கு இன்றும் தீரவில்லை, அது கிடக்கட்டும். மடத்தின் மூலையில் கிடந்த ஒரு சுவடியில் இருந்தது, அச்சேறிய பின் உலகமெங்கும் பரவிற்று.

இதற்கு மாறான கதையும் தமிழ்நாட்டில் நிகழ்ந்தது. கரிவலம்வந்தநல்லூரில் வரகுணராம பாண்டியர் சேர்த்து வைத்திருந்த ஏடுகளைத் தேடிச் சென்றார் உ. வே. சாமிநாதையரவர்கள். பழுதுற்ற ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்கே விடை கிடைத்தது. அந்தத் துயரத்தை அவரே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்.

வியப்பு என்னவெனில், நம் காலத்தில் வீட்டுக் கணினியில் கோப்புகளைத் தகட்டில் காத்து வைக்கும் செயலுக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயரும் 'எரித்தல்' என்பதே. பெயர் பொருத்தமானதுதான். இசைத் தகடு 1982-இல் கடைக்கு வந்தது. எழுதத்தக்க வெறுந்தகடு அப்பத்தாண்டின் இறுதியில் தோன்றியது. அதில் ஒரு சாயப் பூச்சு உண்டு. லேசர் ஒளி பட்ட இடத்தில் சாயம் சுட்டு மாறும். சுடாத இடம் மாறாது நிற்கும். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுருள்வழியில் இப்புள்ளிகளே எழுத்தாகும். எழுத்தாணி கீறிற்று, லேசர் சுடுகிறது. 700 மெகாபைட் வரை ஒரு தகட்டில் அடங்கும். 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இவ்வேலையை எளிதாக்கிற்று. கோப்புறைகளை இழுத்துத் தகட்டின் பெயர்மேல் விட்டால் அவை தற்காலிக இடமொன்றில் காத்திருக்கும். 'எழுதுக' என்று கட்டளையிட்ட பின்னரே தகட்டில் ஏறும். இவ்விடைநிலையை அறியாது வெறுந்தகட்டை உறையிலிட்டுப் பத்திரப்படுத்தியவர்களும் உண்டு.

1990-இல் டெக்னோபார்க் தோன்றிய பின் கழக்கூட்டத்துக்கு வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களில், ஊர்த் திருமணப் படங்களும் பாட்டிமாரின் தாலாட்டும் இவ்வாறு தகடேறிப் பேழையில் கிடக்கின்றன. ஓலையைக் கெடுக்கும் புழுக்கம் சாயத்தையும் விடுவதில்லை. வெயிலில் அது வெளிறும். பெயர் எழுதும் பக்கத்தில் கீறல் விழுந்தால் கீழுள்ள உலோகப் படலமே பெயரும். ஏட்டுக்கில்லாத இடர் ஒன்றும் தகட்டுக்கு உண்டு. ஏட்டைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். தகட்டுக்கோ அதற்குரிய கருவி வேண்டும். இப்போது வரும் மடிக்கணினிகள் பலவற்றில் தகடு செருகும் இடமே இல்லை. வெளியிலிருந்து இணைக்கும் கருவி இன்னும் கடைகளில் கிடைக்கிறது. அதனைக்கொண்டு ஒரு தகட்டிலுள்ளவற்றை வேறிரண்டு இடங்களில் பெயர்த்து வைக்க அரைமணி நேரங்கூட ஆவதில்லை.